நாலால் வகுபடாதது

கடையை அடைத்தபின் ஜெராக்ஸ் மெஷினின் சூடு
அடங்க அரைமணி நேரமாகும்.
அதுவரை கணக்குப் பார்க்கலாமென்று
கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம்,
ஃபர்ஸானா, ஜெசிந்தா, பேச்சி, நான்.
கறுப்படித்துக் கெட்டுப்போன வில்லங்கச் சான்றிதழ்களின்
பின்பக்கத்தில்
இலங்கை ரூபாயை நம்மூர் ரூபாயாக்கினோம்.

ஹிக்கடுவ முதலில்.
அங்கே எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தது.
சாய்வு நாற்காலிக்கு, குடைக்கு,
ஆமை வரும் என்று சொன்னவனுக்கு.
ஆமை வந்தது. பெரிய ஆமை.
தாலுகா ஆபீஸ் கிளார்க் போலச் சலித்த முகம்.
விடியவிடிய இடித்த பாட்டுச் சத்தத்துக்கு மட்டும்
தனியாகக் காசு கேட்கவில்லை.
பேச்சி சுடிதாரோடு அலையில் இறங்கி
ஒரு ரஷ்யாக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.
மூன்று பிள்ளை பெற்றவள்,
வைகையில் முழங்காலுக்கு மேல் நனையாதவள்.
'வைகையில முழங்கால் வரைக்கும் தண்ணிய
நீ எப்படி பாத்த?' என்றாள் இப்போது.
அந்தக் கணக்கு சுலபம்.
நாலால் வகுத்தோம், மீதி இரண்டு ரூபாய்,
அதை டீக்காரப் பையனுக்கு எழுதினோம்.

தீவைக் குறுக்கே தாண்ட
ஒரு பகல், பாதி ராத்திரி, இரண்டு பஸ்.
நிலாவெளியில் கடல் இருந்தது, அவ்வளவுதான்.
வலை காய்ந்துகொண்டிருந்தது.
ஒரு நாய் நாலு ஜோடிச் செருப்பையும் காவல் காத்தது.
முந்தாநாள் வரை கத்திய நாங்கள்
யாரோ தூங்குகிற வீட்டுக்குள் வந்துவிட்டாற்போல
குரலைத் தணித்துக்கொண்டோம்.
யாரும் சொல்லவில்லை.

தகரக்கூரை போட்ட சாப்பாட்டுக் கடை, மூன்று மேசை.
'எங்க இருந்து வாறீங்க?' என்றாள் பரிமாறியவள்.
மதுரை என்றதும்
அகப்பை அந்தரத்தில் நின்றது.
'மதுரைல எங்கிட்டு?'

எங்கிட்டு.
பெரியார் பஸ் ஸ்டாண்டில்
பின்னாலிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி
நாலு பேரும் நிமிர்ந்தோம்.

பதினெட்டு வருஷம் ஆனையூர் முகாமாம்.
பத்துக்குப் பத்து வீடு, கூடல்நகரில் பள்ளிக்கூடம்.
பெயர் தர்சினி.
'அங்க இருக்கையில அம்மா கடல் கடல்னு அழுவாக.
இங்க வந்து எனக்கு
பஸ் சத்தமில்லாம தூக்கம் வரல.'
சொல்லிக்கொண்டே கணவாய்க் குழம்பை
இரண்டாம் தடவை ஊற்றினாள்.
காசு வாங்கவில்லை.
தட்டுக்கடியில் ஜெசிந்தா ஒளித்துவைத்த நோட்டை
ஆட்டோ வரை ஓடிவந்து திணித்தாள்.
'முகாம் வாசல்ல ஒரு அடிபம்பு இருக்கும்.
தண்ணி வருதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கக்கா.'

அன்றைய மதியச் சாப்பாட்டுக்கு என்ன எழுதுவது?
பூஜ்யம் போடு என்றாள் ஃபர்ஸானா.
பூஜ்யமா, நான் ரெண்டு தடவை வாங்கினேன், என்றாள் பேச்சி.
கூட்டுறவு வங்கியில் தணிக்கை பார்க்கிறவள் ஜெசிந்தா,
கட்டத்தை வெறுமனே விட அவளுக்குக் கை வராது.
பேனாவைத் திறந்தாள், மூடினாள்.
மெஷின் ஆறிவிட்டிருந்தது.
அப்படியே மடித்துக் கல்லாவில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை,
பேப்பர் பண்டல் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு
ஆனையூர் பஸ்ஸில் ஏறினேன்.
பம்பு இருந்தது.
கைப்பிடியில் யாரோ சைக்கிள் டியூப் சுற்றியிருந்தார்கள்.
பத்து அடிக்கு வெறும் காற்று,
பதினாலில் இருமியது,
பதினேழில் வந்தது.
'குடிக்காதீக, உப்பு' என்றான் டயர் உருட்டிய பையன்.
குடித்துவிட்டேன்.

வருது என்று சொல்ல வேண்டும்.
நாலு பேரின் போனிலும் தேடியாயிற்று.
ஆமை பதினொரு படம்.
நாய்கூட இருக்கிறது.
நம்பர் வாங்க
ஒருத்திக்கும் தோன்றவில்லை.